சனிக்கிழமை சம்பளம் தள்ளிப்போனா யாரு வட்டி கட்டறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

உங்க பேப்பர்ல கந்துவட்டி பத்தியும் லோன் ஆப் பத்தியும் அடிக்கடி செய்தி வருது, படிக்கிறப்ப எல்லாம் மனசு கனத்துப் போகுது. கடன் குடுத்தவங்களப் பத்தி எழுதறீங்க, வாங்கிட்டுத் தவிக்கிறவங்களப் பத்தி எழுதறீங்க, ஆனா அவங்களுக்கு வாராவாரம் சம்பளம் குடுக்கற ஆளு ஒருத்தர் இருக்காரே, அவரு என்ன பண்ணிட்டு இருந்தாருன்னு யாரும் கேக்கறதில்ல. நான் அந்தச் சம்பளம் குடுக்கற ஆளு. திருப்பூர் 15 வேலம்பாளையம் பக்கத்துல பவர்டேபிள், அதாவது கரண்ட்ல ஓடற தையல் மெஷின் வரிசை வெச்சு 17 வருஷமா ஜாப் ஒர்க் பண்றேன். எக்ஸ்போர்ட் கம்பெனிகள்ல இருந்து கட்டிங் பீஸ் வரும், நாங்க தெச்சு, செக்கிங் பண்ணி அனுப்புவோம். இன்னைக்கு 46 பேரு வேலை செய்யறாங்க.

2018ல ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மணி ஆறரை இருக்கும், சம்பளக் கவர் குடுத்து முடிச்சுட்டு கேட்டு வரைக்கும் நடந்து போனேன். வெளிய ஒரு டிவிஎஸ் ஃபிப்டி நிக்குது, டேங்க் கவர் மேல சின்ன நோட்டு ஒண்ணு விரிச்சு வெச்சு ஒரு தம்பி உக்காந்திருக்காப்ல. எங்க ஓவர்லாக் மெஷின்ல தெக்கிற அக்கா, ஒன்பது வருஷமா எங்ககிட்ட இருக்கறவங்க, கவரைப் பிரிக்கக்கூட இல்ல, அப்படியே அவன் கையில குடுத்தாங்க. அவன் பிரிச்சு எண்ணி 700 ரூபாய எடுத்துட்டு மீதியக் குடுத்தான். அந்த வாரம் அவங்க சம்பளம் 3,400. நாலடி தள்ளி குழு லோன் பொண்ணுங்க மூணு பேரு நின்னுட்டு இருந்தாங்க, அங்க ஒரு 850 போச்சு. அப்புறம் மளிகைக் கடை பாக்கி, வீட்டு வாடகை. இத்தனை வருஷமா அந்தக் கேட்டுல நடக்கறதை நான் ஒருநாளும் நின்னு பாத்ததில்ல, ஆறு மணிக்குக் கவர் குடுத்தா என் வேலை முடிஞ்சதுன்னு பின்பக்கமா வீட்டுக்குப் போயிருவேன்.

திங்கக்கிழமை அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். தண்டல் கடன். பத்தாயிரம்னு எழுதிக்குவாங்க, 1,500 பிடிச்சுக்கிட்டு 8,500 கையில குடுப்பாங்க, நாளுக்கு 100 ரூபா வீதம் 100 நாள் கட்டணும். 1,500 தானேன்னு தோணும், ஆனா கட்டக் கட்ட அசல் குறையுதில்லைங்களா, அந்தக் கணக்குல போட்டுப் பாத்தா வருஷத்துக்கு 100 பர்சென்டுக்கு மேல வட்டி. இதை வாங்கற அளவுக்கு அப்படி என்னக்கா அவசரம்னு கேட்டேன். அவங்க கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "நீங்க ரெண்டு வாரம் சம்பளம் தள்ளுனீங்களேண்ணா, அப்ப வாங்குனது"ன்னாங்க. கோவமாச் சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் அன்னைக்குச் சோறு இறங்கல.

நான் எதுக்குத் தள்ளுனேன்? எனக்கு பில் பணம் வரல. பீஸ் அனுப்பி ரெண்டு மாசமாச்சு, கம்பெனிக்காரங்க அடுத்த வாரம் அடுத்த வாரம்னு இழுத்தாங்க, நானும் அதையே என் ஆளுங்ககிட்ட சொல்லிட்டு மூணாவது சனிக்கிழமை மொத்தமாக் குடுத்தேன். அப்ப 40 பேரு, ஒரு வாரச் சம்பளம் சுமாரா 1,36,000. அந்தப் பணத்தை நான் பேங்க்ல ஓடி லிமிட்ல (ஓவர்டிராஃப்ட், தேவைப்படறப்ப எடுத்துக்கற கடன்) எடுத்திருந்தா வருஷத்துக்கு 11 பர்சென்ட் வட்டி, மொத வாரச் சம்பளத்துக்கு 14 நாள், அடுத்த வாரத்துக்கு 7 நாள், கூட்டிப் பாத்தா 900 ரூபா கூட வராதுங்க. நாப்பது பேருக்கும் சேத்து 900. நான் அந்த 900ஐ மிச்சம் பண்ணுனதுக்கு, அந்த ஒரு அக்கா மட்டும் 1,500 வட்டி கட்டியிருக்காங்க. மத்த 39 பேரு எங்க எங்க கை நீட்டுனாங்களோ, எந்த நகை அடகுக்குப் போச்சோ, நான் கேட்டதுமில்ல அவங்க சொன்னதுமில்ல.

இதைத்தான் எங்க ஊரு சின்ன முதலாளிங்க கிட்ட திரும்பத் திரும்பச் சொல்லிட்டு இருக்கேன். கடன் வாங்கித்தான் ஆகணும்னா நாமதான் வாங்கணும், ஏன்னா நமக்கு பேங்க்ல 10, 11 பர்சென்டுக்குக் கிடைக்குது, அவங்களுக்குக் கிடைக்கறது நூறுக்கு மேல. சம்பள உயர்வு வேண்டாம்னு நான் சொல்ல வரல, அதுக்குச் சங்கங்க இருக்கு, கூலி ஒப்பந்தம் இருக்கு, அதை ஒழுங்காக் குடுக்கறது நம்ம கடமை. ஆனா குடுக்கற சம்பளம் கைக்குப் போயி வீடு போய்ச் சேரணுமில்ல.

அந்த வருஷமே ரெண்டு வாரச் சம்பளத்துக்குத் தனியா ஒரு அக்கவுண்ட் தொறந்தேன். ஒவ்வொரு பில் வரும்போதும் அதுல நூத்துக்கு நாலு ரூபாய எடுத்து அங்க போட்டுருவேன், நூல் விலை ஏறட்டும் மெஷின் ரிப்பேர் ஆகட்டும் அதுல கை வைக்கறதில்லைன்னு என் சம்சாரத்துக்கிட்ட பாஸ்புக்கைக் குடுத்துட்டேன். ரெண்டு வாரத்துக்கு ஆகறதுக்கு 14 மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் கொரோனா லாக்டவுன் வந்தப்ப மொத ரெண்டு வாரம் அந்தப் பணத்துலதான் ஓட்டுனோம். சட்டம் என்னமோ மாசச் சம்பளத்தை ஏழாம் தேதிக்குள்ள குடுக்கணும்னுதான் சொல்லுது, எங்க ஊருல வாரச் சம்பளம், சனிக்கிழமைன்னா சனிக்கிழமைதான்.

அடுத்தது அட்வான்ஸ். முன்னெல்லாம் கேட்டா முகம் பாத்துக் குடுப்பேன், ஒருத்தருக்குக் குடுத்து ஒருத்தருக்கு இல்லைன்னா மனஸ்தாபம். இப்ப எல்லாருக்கும் ஒரே கணக்கு. ஆறு மாசம் வேலை செஞ்ச யாரா இருந்தாலும் ரெண்டு வாரச் சம்பளம் வரைக்கும் வட்டியில்லாம வாங்கிக்கலாம், பத்து வாரத்துல பிடிப்போம், எதுக்குன்னு காரணம் கேக்கறதில்ல. காரணம் கேக்க ஆரம்பிச்சா பொண்ணுங்க எங்கிட்ட வர மாட்டாங்க, டிவிஎஸ் ஃபிப்டி தம்பிகிட்டத்தான் போவாங்க, அவன் காரணம் கேக்க மாட்டான். ஆனா ஒண்ணுங்க, அட்வான்ஸ் குடுத்து ஆளைக் கட்டிப் போடற பழக்கமும் நம்ம மாவட்டங்கள்ல இருந்திருக்கு. செங்கல் சூளையில அட்வான்ஸ் வாங்கிட்டு குடும்பத்தோட மாட்டிக்கிட்டவங்க உண்டு, ஸ்பின்னிங் மில்லுல மூணு வருஷம் முடிச்சாத்தான் மொத்தப் பணம்னு சுமங்கலி திட்டம்னு பேரு வெச்சு வயசுப் பொண்ணுங்க உழைப்பைப் பிடிச்சு வெச்சாங்க. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லயே வந்தும் இது நடந்துச்சு. அதனால எங்ககிட்ட அட்வான்ஸ் பாக்கி இருக்குன்னு யாரையும் நிக்க வைக்கறதில்ல, போறவங்க போகலாம். இத்தனை வருஷத்துல திரும்பி வராத பணம் மொத்தம் 19,000 ரூபா. ஒரு நல்ல ஃபிளாட்லாக் டெய்லர் வேலைய விட்டு நின்னுட்டா புது ஆளு செட் ஆகற வரைக்கும் பீஸ் லேட்டாகி நான் இழக்கறது அதைவிட ஜாஸ்தி.

பிஎஃப் பத்திச் சொல்லணும், இது கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க. இருபது பேரோ அதுக்கு மேலயோ இருந்தா பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கட்டியே ஆகணும், பத்துப் பேரோ அதுக்கு மேலயோ இருந்தா ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு). எங்க லைன்ல நெறைய முதலாளிங்க சொல்ற ஒரே பதில், "ஆளுங்களே பிடிக்க வேண்டாங்கறாங்க, நாம என்ன பண்றது"ங்கறது. வேண்டாங்கறது உண்மைதான். எங்கிட்டயும் "கைக்கு வர்றது குறையுதுண்ணா"ன்னாங்க. ஆனா யாராவது அவங்களுக்கு உக்காந்து விளக்குனாங்களா? 12,000 சம்பளக் கணக்குன்னா அவங்ககிட்ட பிடிக்கறது 1,440. நான் அதே 1,440 போடறேன், அதுல சுமார் 1,000 பென்ஷனுக்குப் போகுது, மிச்சம் 440 அவங்க பிஎஃப் கணக்குல சேருது. மாசம் 1,880 அவங்க பேருல நிக்குது, அதுக்கு 2024-25க்கு 8.25 பர்சென்ட் வட்டி குடுத்தாங்க. தண்டல்காரனுக்கு வட்டி கட்டி கட்டியே பழகுனவங்களுக்கு, தன் பணத்துக்கு வட்டி வருங்கறதே புதுசு. அரசாங்கத்தோட உமங் ஆப்ல பிஎஃப் பாஸ்புக்கைத் தொறந்து காட்டுனப்ப ஒரு அக்கா "இது எம்பட பணமாங்க"ன்னு மூணு தடவை கேட்டாங்க.

இதுலயே இன்னொண்ணு இருக்கு, முதலாளிங்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியறதில்ல. இடிஎல்ஐன்னு ஒரு இன்சூரன்ஸ். தொழிலாளி ஒத்தப் பைசா கட்ட வேண்டாம், நாமதான் அரை பர்சென்ட் கட்டறோம், 12,000க்கு மாசம் 60 ரூபா. வேலையில இருக்கும்போதே இறந்துட்டா, கடைசி ஒரு வருஷத்துச் சராசரிச் சம்பளத்தோட 35 மடங்கு, அதுக்கு மேல பிஎஃப் கணக்குல இருக்கற பணத்துல பாதி 1.75 லட்சம் வரைக்கும், ஆக மொத்தம் அதிகபட்சம் 7 லட்சம் குடும்பத்துக்கு வரும். நான் பல வருஷமா இதுக்குச் சலான் கட்டிட்டு இருந்தேன், எதுக்குக் கட்டறோம்னு தெரியாமயே.

2022ல எங்க செக்கிங் மாஸ்டர் ஹார்ட் அட்டாக்ல தவறிட்டார். 39 வயசு. பத்தாவது படிக்கிற பையன், ஆறாவது படிக்கிற பொண்ணு. காரியம் முடிஞ்சு அந்த அம்மா ஒரு மஞ்சப் பையில இருந்த பேப்பரை எல்லாம் எடுத்துட்டு ஆபீசுக்கு வந்தாங்க. 12,000 கணக்குக்கு 35 மடங்குன்னா 4,20,000, அதுக்கு மேலயும் வரணும். ஆனா பிஎஃப்ல அவர் பேரு இனிஷியலோட இங்கிலீஷ்ல ஒரு மாதிரி, ஆதார்ல அப்பா பேரை விரிச்சு எழுதி வேற மாதிரி. பிறந்த வருஷம் ரெண்டுலயும் வேற வேற. கல்யாணத்துக்கப்புறம் புதுசா நாமினேஷன் (தனக்கப்புறம் பணம் யாருக்குன்னு எழுதறது) போடணும், அவர் போடவே இல்ல, பழைய ஃபாரத்துல அவங்க அம்மா பேருதான். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகாது. பேரு, பிறந்த வருஷம் திருத்த ஜாயின்ட் டிக்ளரேஷன் குடுத்து, வாரிசுச் சான்றிதழ் வாங்கி, தாலுகா ஆபீசுக்கும் பிஎஃப் ஆபீசுக்கும் அலைஞ்சு பணம் வர எட்டு மாசம் ஆச்சு. அந்த எட்டு மாசத்துல அந்த அம்மா பத்து வட்டிக்குக் கடன் வாங்கிட்டாங்க, நூத்துக்கு மாசம் பத்து. வந்த பணத்துல ஒரு பெரிய பங்கு அதுக்கே போயிருச்சு. அவர் இருக்கும்போதே ஒரு மதியானம் அவரை உக்கார வெச்சு பதினஞ்சு நிமிஷம் ஃபோன்ல இ-நாமினேஷன் போட்டிருந்தா அந்தக் குடும்பத்துக்கு இந்த அலைச்சல் இல்ல. இதை நினைக்காத நாளில்ல.

எங்க பிஎஃப் கன்சல்டன்ட்டைக் குறை சொல்லி என்ன பண்றது, அவர் மாசம் சலான் போட்டுக் குடுக்கறதுக்குத்தான் ஃபீஸ் வாங்கறார், ஒவ்வொரு ஆளோட ஆதார் பேரையும் பாத்துச் சரி பண்றதுக்கு நானும் அவரைக் கேக்கல. இப்ப வேலைக்குச் சேர்ற அன்னைக்கே ஆதார், பிஎஃப், பேங்க் மூணுலயும் பேரு ஒண்ணா இருக்கான்னு பாத்துட்டுத்தான் மெஷின்ல உக்கார வைக்கிறோம். 2025 ஆகஸ்ட்ல இருந்து புது யுஏஎன் (ஆளோட பிஎஃப் நம்பர்) உமங் ஆப்ல முகத்தைக் காட்டித்தான் எடுக்கணும்னு ஆயிருச்சு, ஒடிசா, பீகார்ல இருந்து வர்ற பசங்களுக்கு ஆதார்ல நம்பர் லிங்க் ஆகாம இருக்கும், அதுக்கு ஒரு நாள் லீவு குடுத்து அனுப்பணும், அந்த ஒரு நாள் கூலியக் கம்பெனி குடுக்குது.

பேங்க் வழியா எடுக்கற மத்திய அரசு இன்சூரன்ஸ் ரெண்டும் அப்படித்தான், நாமதான் ஞாபகப்படுத்தணும், உயிர்க் காப்பீடான ஜீவன் ஜோதிக்கு வருஷம் 436, விபத்துக் காப்பீடான சுரக்ஷாவுக்கு 20, ரெண்டுலயும் 2 லட்சம். மே மாசக் கடைசியில அக்கவுண்ட்ல 456 ரூபா இல்லைன்னா பாலிசி நின்னுரும். எங்க ஆளுங்க சம்பளம் ஏறுன அன்னைக்கே ஏடிஎம்ல வழிச்சு எடுத்துருவாங்க, அதனால மே கடைசி வாரம் மட்டும் சூப்பர்வைசர் லைன் லைனாப் போயி ஐநூறு ரூபா விட்டு வெய்யுங்கன்னு சொல்லணும். இவ்ளோதான் வேலை.

ஈஎஸ்ஐயும் அதே கதை. நூத்துக்கு முக்கால் ரூபா அவங்க, மூணேகால் ரூபா நாங்க. டாக்டர் சீட்டோட லீவு போட்டா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 பர்சென்ட் கிடைக்கும்னு எங்க பொண்ணுங்க பாதிப் பேருக்குத் தெரியாது, கர்ப்பப்பை ஆபரேஷன் பண்ணிட்டு வீட்டுல இருந்தவங்க அந்த மாசத்தை ஓட்டறதுக்குத் தோட்டை அடகு வெச்சிருக்காங்க.

பேங்க்ல சம்பளம் போட்டா எல்லாம் சரியாயிரும்னு சில பேரு சொல்றாங்க, அதுலயும் பாத்துச் செய்யணும். நாங்க சனிக்கிழமை போடறோம், லோன் கம்பெனி அஞ்சாம் தேதி பிடிக்கும், அஞ்சாம் தேதி வியாழனா இருந்தா அக்கவுண்ட் காலி, பவுன்ஸ் ஆகி ஃபைன். ஒரே மாசத்துல ரெண்டு தடவை பவுன்ஸ் ஆன பொண்ணு எங்கிட்ட இருந்துச்சு. நானே அந்த லோன் ஆபீசுக்கு ஃபோன் பண்ணி தேதிய மாத்திக் குடுங்கன்னு கேட்டேன், மாத்திக் குடுத்தாங்க. அந்தப் பொண்ணு கேட்டப்ப முடியாதுன்னவங்க, முதலாளி பேசுனா முடியுது. மைக்ரோ ஃபைனான்ஸ், அதாவது குழு லோன் மாதிரிக் கடன் குடுக்கறப்ப, அந்த வீட்டுக் கடன் தவணை எல்லாம் சேத்து வீட்டு வருமானத்துல பாதிக்கு மேல போகக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022ல விதி போட்டிருக்கு, நல்ல விதி, ஆனா தண்டல் கடனும் தெரிஞ்சவங்ககிட்ட வாங்குன கைமாத்தும் அந்தக் கணக்குல எங்க வருது.

"குடுத்தா குடிச்சுத்தான் அழிப்பாங்க, நம்ம ஏன் கஷ்டப்படணும்"னு ஒரு நண்பர் அசோசியேஷன் மீட்டிங்லயே எழுந்து பேசுனார். குடிக்கிறவங்க இருக்காங்க, மறுக்கல. ஆனா என் கம்பெனியில 46ல 31 பேரு பொம்பளைங்க. அவங்க கடனை எழுதி வாங்குனப்ப வந்த காரணம் ஸ்கூல் ஃபீஸ், பிரசவம், வீட்டு அட்வான்ஸ், சீர், ஆஸ்பத்திரி. அப்புறம் தீபாவளி பலகாரச் சீட்டு கட்டி ஏமாந்தது. அந்தச் சீட்டுப் பிடிச்ச அம்மா ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி ஊரைக் காலி பண்ணிட்டாங்க, எங்க ஆளுங்க மட்டும் ஒன்பது பேரு போட்டிருந்தாங்க. அதுக்கப்புறம் போஸ்ட் ஆபீஸ் ஆர்டி கட்டச் சொல்லி, விருப்பப்பட்டவங்களுக்கு மட்டும் வாரம் 50, 100ன்னு சேத்து வெச்சு மாசாமாசம் நாங்களே கட்டிட்டு ரசீதைக் கையில குடுத்துடறோம்.

இப்ப உதவி கேக்க வேண்டிய இடத்துக்கு வர்றேன். நான் இதையெல்லாம் கத்துக்க ஆறு வருஷம் ஆச்சு, அதுக்குள்ள ஒரு குடும்பம் பட்ட பாட்டைச் சொல்லிட்டேன். ஒவ்வொரு சின்ன முதலாளியும் இப்படி அடிபட்டுத்தான் கத்துக்கணுமா? ஆயிரம் பேரு வேலை செய்யற கம்பெனியில ஹெச்ஆர் இருக்காங்க, பேங்க்காரங்க கூடாரம் போட்டு முகாம் நடத்துவாங்க. என்னை மாதிரி நாப்பது பேரு கம்பெனிக்கு எவரும் வர மாட்டாங்க, ஆனா திருப்பூர்ல தெருவுக்குத் தெரு இருக்கறது நாங்கதான். பிஎஃப் ஆபீஸ் மாசாமாசம் 27ஆம் தேதி மாவட்டத்துல குறைதீர் முகாம் நடத்துது, நல்ல விஷயம், ஆனா 27 பெரும்பாலும் வேலை நாள், பீஸ் ரேட்டுல தெக்கிற ஆளு ஒரு நாள் கூலிய விட்டுட்டு எப்படிப் போவாங்க. பத்து பவர்டேபிள் சேந்து ஒரு கல்யாண மண்டபத்துல ஞாயித்துக்கிழமை காலையில வெச்சா நாங்க சாப்பாடு போட்டு நாப்பது நாப்பது பேராக் கூட்டிட்டு வர்றோம். எங்க அசோசியேஷன்கள் இதை ஏற்பாடு பண்ணலாம்.

மத்திய அரசு 2025 ஆகஸ்ட் 1ல இருந்து புது வேலைவாய்ப்புத் திட்டம் ஒண்ணு ஆரம்பிச்சிருக்கு. மொத தடவையா பிஎஃப்ல சேர்றவங்களுக்கு ஒரு மாசச் சம்பளம் அளவுக்கு, அதிகபட்சம் 15,000, ரெண்டு தவணையாக் கிடைக்கும், புதுசா ஆள் எடுக்கற முதலாளிக்கும் ஆளுக்கு மாசம் 3,000 வரைக்கும் உண்டு. அதுல ரெண்டாவது தவணை வாங்கணும்னா பணத்தை எப்படிக் கையாளறதுன்னு ஒரு படிப்பு முடிக்கணும். அந்தப் படிப்பைத் தமிழ்ல, இந்தியில, ஒடியாவுல ஆளு புரிஞ்சுக்கற மாதிரி யாராவது நேர்ல வந்து சொல்லிக் குடுக்கணும், ஃபோன்ல வீடியோவை ஓட விட்டுட்டு டிக் அடிச்சா அந்தப் பொண்ணுக்கு என்ன பிரயோஜனம். இந்தத் திட்டம் இருக்கறதே எங்க தெருவுல நாலு முதலாளிங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது எங்களுக்குப் பணம் குடுக்கற பெரிய கம்பெனிங்களுக்கு. எழுத்துல ஒப்பந்தம் இருந்தாக்கூட சின்ன கம்பெனிக்கு 45 நாளைக்குள்ள பில் பணம் குடுக்கணும்னு 2006 எம்எஸ்எம்இ சட்டம் சொல்லுது. 2024 ஏப்ரல்ல இருந்து, அப்படிக் குடுக்கலைன்னா அந்தச் செலவை வருமான வரிக் கணக்குல அந்த வருஷம் கழிக்க முடியாதுன்னும் வந்துச்சு. அதுக்கு நாங்க சின்னத் தொழிலுக்கான அரசாங்க உத்யம் தளத்துல பதிவு பண்ணியிருக்கணும், நெறையப் பேரு பண்ணல, பண்ணுனவங்களும் அடுத்த ஆர்டர் வராதுன்னு பயந்துட்டு வாயைத் திறக்கறதில்ல. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 பர்சென்ட் வரி போட்டப்ப மொதல்ல நின்னது எங்க பில்லுதான். எங்களுக்கு லேட்டான ஒவ்வொரு வாரமும், எங்க தெருவுல ஏதோ ஒரு கேட்டு முன்னாடி டிவிஎஸ் ஃபிப்டி ஒண்ணு கூடுதலா நின்னுச்சு. வெளிநாட்டு பையர் வந்தா பாத்ரூம், தீயணைப்பான், ஓவர்டைம் ரிஜிஸ்டர் எல்லாம் பாக்கறாங்க, ஜாப் ஒர்க்காரனுக்கு எத்தனை நாள்ல பணம் குடுக்கறீங்கன்னு அந்த எக்ஸ்போர்ட் கம்பெனிகிட்ட ஒரு கேள்வி கேட்டா நல்லா இருக்கும்.

ஆசிரியர் அவர்களுக்கு என் கோரிக்கை, வாரம் ஒருநாள் பிஎஃப், ஈஎஸ்ஐ சந்தேகங்களுக்கு உங்க திருப்பூர், கோவை பதிப்புல ஒரு பத்தி ஒதுக்குங்க, தொழிலாளிங்க மட்டுமில்ல என்னை மாதிரி ஆளுங்களும் வெட்டி ஒட்டி வெச்சுக்குவோம். இதைப் படிக்கிற பவர்டேபிள்காரங்களுக்கு ஒரு வேண்டுகோள், நாளைக்குக் காலையில உங்க அக்கவுண்டன்ட்கிட்ட நாமினேஷன் போடாதவங்க லிஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. செக்கிங் மாஸ்டர் தவறுன வாரம் நான் எடுத்தப்ப 43 பேர்ல 35 பேரு போடாம இருந்தாங்க.

இப்படிக்கு,
பவர்டேபிள் உரிமையாளர் ஒருவர்,
15 வேலம்பாளையம், திருப்பூர்.